அப்பா இறந்த வீட்டுக்குப் போலீஸ் ஏன் வந்தது?

கேள்வி: போன வாரம் எங்கள் அப்பா தூக்கத்திலேயே இறந்துவிட்டார். வயது 63. பெரிய நோய், வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர் வந்து மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார்கள், கடைசியாக அவரோடு பேசியது யார் என்று கேட்டார்கள். இப்போது கரோனர் போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார். 'அவரை வெட்ட விடாதே' என்று அம்மா அழுகிறார். அண்ணா சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்துவிட்டார். எங்களைச் சந்தேகப்படுகிறார்களா? அப்பாவை எப்போது தருவார்கள்?
- வாசகி, லண்டன்

பதில்: சந்தேகம் இல்லை, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காரணம் தெரியாத மரணம் என்றால் டாக்டர் அதைக் கரோனருக்கு அறிவித்தே ஆக வேண்டும். நன்றாக நடமாடிய மனிதர் வீட்டில் திடீரென்று இறந்தால், எதை எழுதி சர்டிபிகேட் கொடுப்பது என்று குடும்ப டாக்டரான ஜி.பி.க்கே தெரியாது. அப்படியான வீடுகளுக்குப் போலீஸ் வருவது வழக்கம்தான். அவர்கள் பார்த்ததும் கேட்டதும் கரோனருக்குப் போகும். கரோனர் போலீஸ் அதிகாரி அல்ல. இப்படியான மரணங்களின் காரணத்தை விசாரிக்கிற, யாருக்கும் கட்டுப்படாத நீதித்துறை அதிகாரி. (ஸ்காட்லாந்தில் கரோனரே கிடையாது, அங்கே நடைமுறை வேறு.)

நீங்கள் கரோனரோடு நேரடியாகப் பேசப்போவதில்லை. 'கரோனர்ஸ் ஆபிசர்' என்று ஒருவர் உங்களை அழைப்பார், அல்லது ஏற்கெனவே அழைத்திருப்பார். இனி எல்லாம் அவர் வழியாகத்தான். அவருடைய பெயர், ஈமெயில், கேஸ் நம்பர், அவர் லீவில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள். அண்ணா காலையிலும் சித்தப்பா மத்தியானமும் நீங்கள் பின்னேரமும் கூப்பிட்டால் வேலை வேகமாக நடக்காது, குழப்பம்தான் மிஞ்சும். கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் முன் நெஞ்சு இறுக்குகிறது என்று அப்பா சொல்லியிருந்தால் அதையும், ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இதெல்லாம் வெள்ளைக்காரருக்கு எதற்கு என்று நம்மவர்கள் விட்டுவிடுவது வழக்கம். அம்மா ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மருமகனை நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

இனி போஸ்ட்மார்ட்டம். அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: கரோனருக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. அதனால் 'வேண்டவே வேண்டாம்' என்று மல்லுக்கட்டுவதில் நாட்கள்தான் போகும். ஆனால் கேட்கக்கூடியவை உண்டு. எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் சார்பில் ஒரு டாக்டர் அங்கே இருக்க வேண்டும் என்றாலும் கேட்கலாம். வெட்டாமல் சி.டி. ஸ்கேன் செய்து காரணம் கண்டுபிடிக்கும் வசதி உங்கள் பகுதியில் உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். பல இடங்களில் அந்தச் செலவைக் குடும்பம்தான் கட்ட வேண்டும், ஸ்கேனில் விடை கிடைக்காமல் போனால் வழக்கமான போஸ்ட்மார்ட்டமும் தேவைப்படலாம். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வழக்கமான முறையில் செய்தாலும் உடலைத் தைத்துத்தான் தருவார்கள். உடுப்பு உடுத்தி வைத்த பிறகு பொதுவாக ஒன்றும் தெரியாது, அம்மா முகம் பார்க்கலாம்.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்காகத் திசுவில் சிறு துண்டுகளை எடுத்து வைத்தால், வேலை முடிந்ததும் அவற்றை என்ன செய்வது என்று உங்களைக் கேட்பார்கள். திரும்பப் பெறலாம், முறைப்படி அகற்றச் சொல்லலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். உடலோடு சேர்த்தே தகனம் செய்ய வேண்டும் என்றால் அவை வரும்வரை காத்திருக்க நேரும். அந்தத் துக்கத்தில் படிவத்தைப் பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

அப்பாவை எப்போது தருவார்கள்? பெரும்பாலும் போஸ்ட்மார்ட்டம் முடிந்த சில நாட்களில். விசாரணை முடியும்வரை உடலை வைத்திருக்க மாட்டார்கள். 28 நாட்களுக்குள் விடுவிக்க முடியாவிட்டால், ஏன் என்று கரோனர் குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. சமயக் காரணத்துக்காகச் சீக்கிரம் வேண்டும் என்றால் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். லண்டனில் ஒரு கரோனர், எந்த மதத்தவருக்கும் முன்னுரிமை இல்லை, வரிசைப்படிதான் என்று விதி வைத்திருந்தார். யூத அடக்கச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் கோரிக்கையைப் பார்க்காமலே ஒதுக்க முடியாது, அவ்வளவுதான். உடலை ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாகக் கரோனருக்கு அறிவிக்க வேண்டும். அண்ணா மண்டபக்காரரிடம் சனிக்கிழமையைத் தள்ளிப்போட முடியுமா என்று இப்போதே பேசிவிடட்டும். உடலை எடுக்கலாம் என்று பியூனரல் டிரெக்டருக்கு (இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவருக்கு) தகவல் வந்த பிறகு நாள் வையுங்கள்.

போஸ்ட்மார்ட்டத்தில் மாரடைப்பு மாதிரி இயற்கையான காரணம் தெரிந்தால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கரோனர் பதிவாளருக்குத் தாள் அனுப்புவார், நீங்கள் போய் மரணத்தைப் பதியலாம். காரணம் தெரியாமல், இரத்தம், திசு என்று மேலும் சோதனைக்கு அனுப்பினால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அப்போது 'இன்க்வெஸ்ட்' என்ற கரோனர் கோர்ட் விசாரணை தொடங்கினால் பயப்படாதீர்கள். இறந்தது யார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்குத்தான் அங்கே விடை தேடுவார்கள். யார் குற்றவாளி என்று சொல்ல கரோனருக்கு அதிகாரமே இல்லை. ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் இழுபடுவதும் உண்டு.

இன்க்வெஸ்ட் என்றால் கரோனரிடம் இடைக்கால மரணச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வங்கி, பென்ஷன் வேலைகளை அதை வைத்தே தொடங்கலாம். அப்பாவின் மனைவி, பிள்ளைகள் என்ற முறையில் நீங்கள் ஆவணங்களை முன்கூட்டியே கேட்டுப் படிக்கலாம், சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் தேவையும் இல்லை. ஆஸ்பத்திரி தவறு, வேலையிட விபத்து போன்றவற்றில்தான் வக்கீலைப் பார்க்கச் சொல்வேன். பொதுவாக விசாரணை எல்லோருக்கும் திறந்தது, பத்திரிகையாளரும் வந்து உட்காரலாம். உடற்கூற்று விவரம் வாசிக்கும்போது அம்மா வெளியே போய் இருக்கலாம், முன்பே ஆபிசரிடம் சொல்லி வையுங்கள். பல கரோனர் கோர்ட்டுகளில் குடும்பங்களுக்குத் துணையாக இருக்கத் தொண்டர்களும் இருக்கிறார்கள். இன்க்வெஸ்ட் முடிந்தால் பதிவாளருக்குத் தகவல் அனுப்புவது கரோனரின் வேலை. நீங்கள் போய்ப் பதிய வேண்டியதில்லை, சான்றிதழ் பிரதிகளுக்கு மட்டும் பதிவாளரிடம் பணம் கட்டுங்கள். வங்கி, இன்சூரன்ஸ், ஊரில் உள்ள காணி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள், நாலைந்து பிரதி சேர்த்தே எடுங்கள்.