மகள் போராடப் போகிறாள், அப்பா பேச மறுக்கிறார்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர், நான் பள்ளி அலுவலகத்தில் வேலை. இரண்டு சம்பளம் சேர்ந்தால் அரசு உதவித்தொகை வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. மகள் ஆசிரியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கட்டண பாக்கி உள்ள மாணவர்களைப் பதிவு செய்ய விடவில்லை என்று போராட்டத்தில் இறங்கிவிட்டாள். “இது நமக்கு எதுக்கு? நிறுத்தாவிட்டால் ஃபீஸ் கட்டமாட்டேன்” என்கிறார் கணவர். இருவரும் பேசுவதே இல்லை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: அன்புச் சகோதரி,

ஃபீஸ் கட்டமாட்டேன் என்ற பேச்சை முதலில் அவர் விடட்டும். பணம் இல்லாத பிள்ளை வெளியே நிற்கக் கூடாது என்றுதான் அவள் போராடுகிறாள். அப்பாவும் பணத்தைக் காட்டியே மிரட்டினால், அவள் கண்ணுக்கு அவரும் நிர்வாகமும் ஒன்றுதான்.

அவருடைய பயத்தைக் குறை சொல்லமாட்டேன். 2000 மே மாதம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இதே கட்டணப் பிரச்சினைக்காக நடந்த போராட்டத்தில் மைக்கேல் மகபானே என்ற மாணவர் போலீஸ் சுட்டு இறந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படித்த இடம் அது, அவருக்கு நினைவிருக்கும். 2021 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தின்போது சுடப்பட்டு இறந்த ம்தோகோசிசி ந்டும்பா மாணவர்கூட இல்லை. கிளினிக்கிலிருந்து வெளியே வந்தவர்.

ஆனால் “நமக்கு எதுக்கு” என்பதை ஏற்க முடியாது. பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் அரசு மானியம் 2000-இல் சுமார் 49 சதவீதம், 2012-இல் 40. அதே காலத்தில் மாணவர் கட்டணத்தின் பங்கு 24-இலிருந்து 31 ஆனது. அரசு கையைச் சுருக்கியது, நிர்வாகங்கள் மாணவரை வாடிக்கையாளராகப் பார்க்கத் தொடங்கின. கூட்டிப் பெருக்கும் வேலையைக்கூட வெளிக் கம்பெனிகளுக்கு விட்டார்கள். 2015 அக்டோபரில் விட்ஸ் கட்டணத்தை 10.5 சதவீதம் ஏற்றப்போவதாகச் சொன்னதும் ‘ஃபீஸ் மஸ்ட் ஃபால்’ (கட்டணம் குறைய வேண்டும்) என்ற மாணவர் போராட்டம் வெடித்தது. அதே மாதம் 23-ஆம் தேதி, பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் முன்னால் மாணவர்கள் திரண்டு நிற்க, அடுத்த ஆண்டு கட்டண உயர்வே இல்லை என்றார் அப்போதைய அதிபர் ஜூமா. 2017 டிசம்பரில், ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் உள்ள குடும்பங்களுக்கு இலவச உயர்கல்வி என்று அறிவித்தார்.

நீங்கள் மயிரிழையில் தாண்டுகிறீர்களே, அந்த வரம்பே போராடிய பிள்ளைகளால் வந்ததுதான்! உங்களைப்போல நடுவில் மாட்டிய குடும்பங்களை ‘மிஸ்ஸிங் மிடில்’ என்கிறார்கள். 600,000 ராண்டு வரை வருமானம் உள்ளவர்களுக்கென்று 2024-இல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. அதுவும் கடன்தான், இனாம் இல்லை. ஆக, அவள் ஊராருக்காக மட்டும் கத்தவில்லை.

அதனால் மகள் பக்கம் நில்லுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவதற்கு அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அது ஒன்றே போதும் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. பல்கலைக்கழகங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்குவது வழக்கம். எந்த வாசல், எந்தக் கட்டடம் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் போய்க் கைதாகிறவர்கள் உண்டு. நாளைக்கு ஆசிரியராகப் பதிவு செய்யும்போது போலீஸ் நற்சான்று கேட்பார்கள், குற்றப் பதிவு இருந்தால் அங்கே சிக்கல். தீ வைப்பு, கல்லெறி என்று ஆரம்பித்தால் அந்த நிமிஷமே அவள் கிளம்பிவிட வேண்டும், இதில் பேரமே கிடையாது. 2016-இல் டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகச் சட்ட நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். அதனால் ஒரு பிள்ளைக்காவது ஒரு ராண்டு குறைந்ததா?

எங்கே இருக்கிறாள், யாருடன் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த வக்கீல் ஒருவரின் நம்பர் அவளிடம் இருக்கட்டும். தேர்வைத் தவறவிடக் கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

அப்புறம், வீட்டில் இருவரையும் பேசவைப்பது. அரசியலில் ஆரம்பிக்காதீர்கள், இரண்டாவது நிமிடமே சண்டை வரும். அந்தக் கடன் திட்டத்தில் அவளுடைய படிப்பு சேருமா என்று அப்பாவும் மகளும் சேர்ந்து விசாரிக்கட்டும். விண்ணப்பத்துக்கு அவருடைய சம்பளச் சீட்டு வேண்டியிருக்கும். அதை உங்களிடம் கேட்காமல் அவரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.