மிச்சம் பதினைந்து தூண் எங்கே?

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுலாத் துறை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையில் ஸ்டார் ஹோட்டலா, மதுரையில் சின்ன டிராவல்ஸா என்று குழப்பம். இங்கிலீஷ் பேச வராது, ஆக்சென்டும் இல்லை. மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு முடித்துவிட்டுப் போகலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

ஆக்சென்டை விடுங்கள். மதுரைக்கு வரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலிக்காரரும் உங்களைப் போல இங்கிலீஷைப் படித்துக் கற்றவர்கள்தான்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் பார்த்த ஒரு பயிற்சி மாணவன்தான் கொஞ்ச நாளாக என் நினைப்பில் இருக்கிறான். மூத்த கைடு ஓரமாக நிற்க, 1569-இல் அரியநாத முதலியார் கட்டியது, தூண்கள் 985 என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பிரெஞ்சு அம்மாள், ‘ஆயிரம் என்றாயே, மிச்சம் பதினைந்து எங்கே?’ என்று கேட்டார். ‘எஸ் மேடம்’ என்றான். திரும்பக் கேட்டார். திரும்பவும் ‘எஸ் மேடம்’, மறுபடி 1569-இலிருந்து ஆரம்பம்! கைடு வாயே திறக்கவில்லை (நல்ல ஆசான்). அந்த அம்மாள் விடாமல் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிய பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. உள்ளே சந்நிதிகள் இருக்கும் பக்கம் கையை நீட்டி, ‘தேர் டெம்பிள், டூ டெம்பிள், ஸோ நோ பில்லர்’ என்றான். இலக்கணம் கிடக்கட்டும், அன்று அவன் மனப்பாடம் இல்லாமல் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

வகுப்பில் உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார்கள். வேலையிடத்தில் கெஸ்ட் வந்து கீசர் ஓடவில்லை என்பார், சட்னியில் நிலக்கடலை இருக்கிறதா என்பார். அவருக்கு அலர்ஜி இருந்து, நீங்கள் புரியாமல் ‘எஸ் சார்’ என்றால்கூடப் பரவாயில்லை, சாப்பிடாமல் போவார். ‘நோ சார்’ என்றால் ஆள் ஆஸ்பத்திரியில். புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க என்ன வெட்கம்? தெரியாமல் தலையாட்ட நம் பள்ளிகள்தான் பழக்கிவிட்டன, அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெட்கத்துக்குப் பயந்து மூன்று மாதம் வகுப்பில் போய் ஒளிந்துகொள்வேன் என்றால் திட்டத்தான் செய்வேன்.

சரி, எந்த இடம்? சேருமுன் கெஸ்டிடம் பேச விடுவார்களா என்று கேளுங்கள். பேங்க்வெட் ஹாலில் தட்டு துடைக்க வைக்கிற இடமென்றால் எத்தனை ஸ்டார் இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. டிராவல்ஸில் போனை எடுக்க விடுவார்கள் என்றால் மதுரைக்கே போங்கள், போனில் தலையாட்டித் தப்பிக்க முடியாது.