துருவுக்கும் ஓர் உருவம்

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இரும்பு ஆக்சைடு நானோ துகள் செய்கிறேன். இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் கறுப்புப் பொடி வந்துவிடுகிறது, ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோணல்மாணலான உருண்டைகள்தான் தெரிகின்றன. கனசதுரமாக வர என்ன செய்வது?
- மாணவி, விருதுநகர்

பதில்: அம்மோனியாவோடு மல்லுக்கட்டாதீர்கள். அது அவசரக்கார முறை. அம்மோனியா விழுந்த நொடியிலேயே கோடிக்கணக்கில் விதைகள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகள்) உருவாகி, இருக்கிற இரும்பையெல்லாம் அவை பங்கு போட்டுக்கொண்டு, பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வாக்கில் நின்றுவிடும். பாகைக் கிளறிக்கொண்டே ஆறவிட்டால் பொடிச் சீனி, நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு. இங்கேயும் அதே கதைதான்.

உங்களுக்கு வேண்டியது சூட்டில் சிதைக்கும் முறை. இரும்பு ஒலியேட்டை (இரும்பும் ஒலியிக் என்னும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த உப்பு) ஆக்டாடெசீன் என்னும் அதிகச் சூடு தாங்கும் திரவத்தில் ஒலியிக் அமிலத்தோடு கலந்து, காற்றுப் படாமல், நிமிடத்துக்கு 3 டிகிரி போல மெதுவாக ஏற்றி, 320 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைப்பார்கள். தென்கொரியாவில் ஹியோன் குழுவினர் 2004-ல் இப்படி ஒரே தடவையில் 40 கிராம் எடுத்தார்கள். அதுவும் உருண்டைதான்! ஆனால் சோடியம் ஒலியேட்டைக் கூடுதலாகச் சேர்த்தால் கனசதுரம் வருகிறது. ஒலியேட் படிகத்தின் சில முகங்களில் மட்டும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு அங்கே வளர்ச்சியை மந்தமாக்கும். வேகமாக வளரும் முகம் குறுகிக் குறுகிக் காணாமல் போய்விடும், மந்தமாக வளர்வதுதான் கடைசியில் மிஞ்சும். தலைகீழாகப் படுகிறதா? எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது.

அப்புறம், பொடியைத் திறந்து வைக்காதீர்கள். ஒருமுறை குப்பியைச் சரியாக மூடாமல் லீவுக்குப் போய்விட்டேன், வந்து பார்த்தால் கறுப்பு பழுப்பாகியிருந்தது. காந்தத்தைக் காட்டினேன், ஓடி வந்து ஒட்டியது. மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடு காற்றுப் பட்டு மேக்ஹெமைட் என்னும் பழுப்பு ஆக்சைடாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுமே காந்தத்தில் ஒட்டும்.

கேள்வி: உருண்டையோ சதுரமோ, இவ்வளவு சின்னதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?
- வாசகர், ஈரோடு

பதில்: சூட்டில் வரும். புற்றுக்கட்டிக்குள் இந்தத் துகள்களை ஊசியால் செலுத்தி, வெளியிலிருந்து நொடிக்கு 1 லட்சம் முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் காந்தப்புலத்தைக் கொடுத்தால் கட்டி சூடேறும். மூளைக்கட்டிக்கு இந்தச் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2010-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இத்தாலியின் ஜெனோவாவில் 2012-ல் சோதித்தபோது, 19 நானோமீட்டர் கனசதுரங்கள் அபாரமாகச் சூடு கொடுத்தன. அது ஆய்வகத்தில் கிடைத்த கணக்கு. உடம்புக்குள் போனால் துகள்கள் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும், சூடும் குறையும். 'நானோவால் புற்றுநோய் ஒழிந்தது' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள்.

கேள்வி: பழைய கேசட் நாடாவில் இருக்கும் பழுப்பு வெறும் துருதானா?
- வாசகி, காரைக்குடி

பதில்: துருவின் பங்காளி, ஆனால் பார்த்துப் பார்த்துச் செய்தது. முதலில் மஞ்சள் நிறத்தில் கோதைட் என்னும் ஊசிகளை வளர்ப்பார்கள். சூடாக்கி நீரை வெளியேற்றினால் சிவப்பு, ஹைட்ரஜனில் வைத்தால் கறுப்பு, மறுபடி பக்குவமாகக் காற்றுக் காட்டினால் பழுப்பு. நாலு நிறம் மாறியும் ஊசி வடிவம் மட்டும் கலையாது, வேலையின் சூட்சுமமே அதுதான். ஊசியின் நீளவாக்கில் படிந்த காந்தத்தன்மை எளிதில் புரளாது என்பதால் பாட்டு அழியாமல் இருக்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே காந்தத்தைக் காட்டி எல்லா ஊசிகளையும் நாடாவின் நீளவாக்கில் படுக்க வைத்துவிடுவார்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் பழுப்பாக ஒட்டி வருமே, அதில் அழுக்கோடு இந்த ஊசிகளும் இருக்கும்.