அரசு ஆவணங்கள் எல்லாம் கணினிக்குப் போய்விட்ட இந்த ஏஐ காலத்தில் வெளிப்படைத்தன்மையும் தனியுரிமையும் சேர்ந்து இருக்க முடியுமா?

முடியும் என்றே நினைக்கிறேன். "ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையத்தானே செய்யும்?" என்று கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் அலுவலகத்தின் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆவண அறை வாசலில் நீளமான நோட்டு ஒன்று இருக்கும். எந்தக் கோப்பு, எடுப்பவர் யார், என்ன தேதி, எதற்காக என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு கைக்கு வரும். மேலதிகாரியானாலும் அதே நோட்டுதான். நாங்கள் அறை முழுவதையும் ஸ்கேன் செய்தோம். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் தேடினால் கிடைக்கும்படி ஏற்றினோம். வாசலில் இருந்த நோட்டை மட்டும் யாரும் கணினிக்குக் கொண்டுபோகவில்லை. அதுவும் ஓர் ஆவணம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சில மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். பிரிந்துபோன கணவருக்குத் தெரியாமல் வீடு மாறியிருந்தவர். புது முகவரியை அவர் இரண்டே இடங்களில்தான் கொடுத்திருந்தார், அதில் ஒன்று எங்கள் அலுவலகம். அந்த ஆள் புது வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். "என் விவரத்தை யார் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். எங்களால் சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். எங்களிடமிருந்து கசிந்ததா இல்லையா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டு இருந்த காலமாக இருந்தால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

அன்றிலிருந்து, ஓர் ஆவணம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று நான் முதலில் கேட்பதில்லை. பார்த்தவர் யார் என்பது, பார்க்கப்பட்டவருக்குத் தெரியுமா? அதைத்தான் கேட்கிறேன்.

நார்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவரின் வருமானம், அவர் கட்டிய வரி ஆகியவற்றை மற்றவர்கள் பார்க்கலாம். நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு அது. இணையத்துக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தேடுவது பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. 2014இல் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: தேடியவர் யார் என்பதைத் தேடப்பட்டவர் தெரிந்துகொள்ளலாம். தேடல்கள் மளமளவென்று குறைந்தன. அதற்காக எந்த ஆவணத்தையும் மூட வேண்டியிருக்கவில்லை. எஸ்தோனியாவில் இன்னொரு வகை. தன் விவரத்தை எந்த அரசு அமைப்பு எப்போது பார்த்தது என்பதை, பல தரவுத்தளங்களைப் பொறுத்தவரை, குடிமக்கள் அரசின் இணையவாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஆவண அறை நோட்டும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

சரி, இதில் ஏஐ எங்கே வருகிறது? காகிதக் காலத்தில் நம்மைக் காத்தது சட்டத்தைவிட அதிகமாக, தேடுவதில் இருந்த சிரமம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இலேயே இதைப் புரிந்துகொண்டிருந்தது. ஒருவரின் குற்ற வரலாற்றுத் தொகுப்பைத் தரும்படி எஃப்பிஐயிடம் செய்தியாளர்கள் கேட்ட வழக்கு அது. அதில் உள்ள ஒவ்வொரு துண்டும் எங்கோ ஒரு நீதிமன்றத்தில் பொது ஆவணமாகத்தான் கிடந்திருக்கும். ஆனாலும் நாடெங்கும் சிதறிக் கிடப்பதும் ஒரே இடத்தில் தொகுத்து வைப்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் சொல்லி, தொகுப்பைத் தர வேண்டியதில்லை என்றது.

ஏஐ அந்தச் சிரமத்தைத் துடைத்துவிட்டது. 1990களில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி, பெயர்களை நீக்கி வெளியிடப்பட்டிருந்த மாசச்சூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவத் தரவையும், 20 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு நகர வாக்காளர் பட்டியலையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவ விவரம் எது என்று தெரிந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000இல் அவர் கணக்கிட்டார். அதற்கு ஓர் ஆய்வாளரின் மூளை தேவைப்பட்டது. இப்போதைய ஏஐ மாடல்கள் கையெழுத்தில் உள்ள ஸ்கேனையும் பெருமளவு படிக்கின்றன. ஒரே ஆளின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் சேர்த்துப் பார்க்கின்றன. நாங்கள் அன்று ஏற்றிய பக்கங்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை, சேர்த்தால் ஒரு குடும்பத்தின் கதையே வந்துவிடும்.

இது ஆவணத்தின் பக்கம். அரசின் பக்கம் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு நெதர்லாந்தில் வந்தது. நலத்திட்டங்களில் மோசடி செய்யக்கூடியவர்கள் யார் என்று கணிக்க, பல துறைகளின் தரவை ஒன்றாக இணைக்கும் 'சிரி' என்ற அமைப்பை அந்த அரசு வைத்திருந்தது. (ஆப்பிள் போனில் பேசும் சிரி அல்ல.) 2020 பிப்ரவரியில் ஹேக் நகர நீதிமன்றம், அதற்கு இடம் கொடுத்த சட்டப் பிரிவுகள் தனிவாழ்வுக்கான உரிமையை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன முக்கியக் காரணம், அந்த அமைப்பு எப்படி முடிவெடுக்கிறது என்பதை யாரும் சரிபார்க்க முடியாதபடி இருக்கிறது என்பது. வெளிப்படைத்தன்மை இல்லாததே தனியுரிமை மீறலாகப் போய் முடிந்திருக்கிறது, பாருங்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்ற கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

அதே நாட்டில்தான் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரமும் நடந்தது. பல்லாயிரம் பெற்றோர்கள் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். ஆபத்தைக் கணிக்கும் மென்பொருள், குடியுரிமையையும் ஒரு காரணியாக எடுத்துக்கொண்டிருந்தது. தங்கள் கோப்பைக் கேட்ட பெற்றோர்களுக்குக் கிடைத்தவை, பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிய தாள்கள். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. குடிமக்களைப் பற்றிய எல்லாமே அரசுக்குத் தெரியும், தன் கோப்பில் என்ன இருக்கிறது என்பது குடிமக்களுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கறுப்பு மை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தனியுரிமையின் பெயரைச் சொல்லியே வெளிப்படைத்தன்மையைக் குறைப்பதும் நடக்கிறது. இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரத்துக்கான விலக்கு, பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசகத்தோடு இருந்தது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைச் சுருக்கி, தனிநபர் விவரம் என்றாலே விலக்கு என்று ஆக்கியது. பொதுநலனைப் பேசும் வேறோர் உட்பிரிவு இன்னும் இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் ஓர் அதிகாரி பதவியில் இருந்து போட்ட கையெழுத்தும் அவருடைய வீட்டு முகவரியும் ஒரே வகைத் 'தனிநபர் விவரம்' என்று யாராவது வாதிட்டால் நான் ஏற்கமாட்டேன். கையெழுத்து வேலையைச் சேர்ந்தது, அதைக் காட்டியாக வேண்டும். முகவரி மனிதரைச் சேர்ந்தது.

அலுவலகங்களில் இப்போது குறிப்பு எழுதவும் மனுக்களைச் சுருக்கவும் ஏஐ வந்துவிட்டது. நான் கேட்பதெல்லாம், அங்கேயும் அந்த நோட்டு வேண்டும். ஏஐக்கு எந்தக் கோப்பைக் கொடுத்தார்கள், அது என்ன சொன்னது, எந்த அலுவலர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார் என்பது கோப்போடு இருக்க வேண்டும். 2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தப்பட்ட அமைப்புகள் தங்கள் செயல்பாட்டைத் தாமே லாகில், அதாவது கணினியே எழுதிவைக்கும் பதிவேட்டில், பதிவு செய்ய வேண்டும் என்கிறது. லாக் இருந்தால் மட்டும் போதாது, அது சம்பந்தப்பட்டவரின் கைக்கும் வர வேண்டும். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஃபின்லாந்தில், ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே வாடிக்கையாளராகவும் இருந்த ஒருவர், தன் விவரத்தை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். 2023 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், எப்போது, எதற்காகப் பார்த்தார்கள் என்பதை அறிய அவருக்கு உரிமை உண்டு என்றது. பார்த்த ஊழியரின் பெயரை மட்டும், தன் உரிமையைக் காக்க அது அவசியம் என்றால் ஒழிய, தர வேண்டியதில்லை என்றது. ஊழியருக்கும் தனியுரிமை உண்டல்லவா. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் விவரத்தை வைத்திருக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "கடந்த ஒரு வருடத்தில் அதை எத்தனை முறை, எந்தத் தேதிகளில், என்ன காரணத்துக்காகத் திறந்தீர்கள்? அதில் ஏதாவது தானியங்கி மென்பொருள் உண்டா?" என்றும் கேளுங்கள். அப்படி ஒரு பதிவே நாங்கள் வைத்திருப்பதில்லை என்று பதில் வரலாம். அதையும் எழுத்தில், தேதியோடு, பொறுப்பு அலுவலரின் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் அதைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை.