சிபாப் (தூக்கத்துல மூச்சு தடைபடாம காத்தை அழுத்தி அனுப்புற மெஷின்), நெபுலைசர் (மருந்தை நுண்துளியாக்கி மூச்சுல அனுப்புற மெஷின்), ரெண்டுலயும் கிருமி பிரச்சனையா? கேளுங்க (பதில் சொல்றது ஒரு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், அதாவது மூச்சு சிகிச்சை நிபுணர்)

கேள்வி: சிபாப்ல காத்தை ஈரமாக்குற தண்ணித் தொட்டில நேத்து மிச்சமான தண்ணி மேலயே ஊத்திக்கலாமா? சுத்தமான தண்ணிதானே

பதில்: வேண்டாங்க. ராத்திரி பூரா வெதுவெதுன்னு இருந்துட்டு பகல் பூரா மூடின தொட்டில சும்மா கிடக்குற தண்ணி அது, பாக்டீரியாவுக்கு வேற என்ன வேணும். ஓரத்துல விரல் வெச்சா வழுவழுன்னு இருக்கும் பாருங்க, அதான் பயோஃபிலிம், கிருமிங்க ஒட்டிக்கிட்டு வளர்ற படலம், சும்மா அலசினா போகாது, சோப்பு போட்டு தேய்க்கணும். தினம் காலைல கொட்டிட்டு கழுவி திறந்தே காய விடுங்க. காயுறதுதான் முக்கியம், பாதி பேர் அதைத்தான் விட்டுடறாங்க.

கேள்வி: கொதிக்க வெச்சு ஆறின தண்ணி?

பதில்: கிருமி சாகும், உப்பு போகாதே. உப்பு வெள்ளையா படிஞ்சா அந்த சொரசொரப்புல படலம் இன்னும் நல்லா ஒட்டும். டிஸ்டில்டு வாட்டரே (ஆவியாக்கி குளிர வெச்ச, உப்பு இல்லாத தண்ணி) ஊத்துங்க.

கேள்வி: பயமா இருக்கு, மெஷினையே நிறுத்திடவா

பதில்: ஐயோ அப்படி பண்ணிடாதீங்க! சிபாப்ல காத்து தண்ணி மேல உரசிட்டு போகுது, ஏறுறது வெறும் ஆவி, ஆவி கிருமியை அவ்வளவா தூக்கிட்டு வராது. என் பயமெல்லாம் நெபுலைசர்தான். அது துளியா உடைச்சு அனுப்புது, மருந்து ஊத்துற கப்ல சூடோமோனாஸ்னு ஈரத்துல வளர்ற பாக்டீரியா இருந்தா துளியோட சேர்ந்து நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். ஒவ்வொரு தடவையும் கழுவுங்க, தினம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணில 5 நிமிஷம் போடுங்க (கையேட்ல கப் சூடு தாங்கும்னு இருக்கான்னு பாத்துட்டு), அப்புறம் போய் குழாய்த் தண்ணில அலசிடாதீங்க, பண்ணதெல்லாம் வீண்.

கேள்வி: ஓசோன் வாயு விட்டு சிபாப்பை சுத்தம் பண்ற கிளீனர் வாங்கலாமா

பதில்: நான் வாங்க மாட்டேன். 2020லயே அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரிக்கை விட்டாச்சு. 2021ல பிலிப்ஸ் கம்பெனி தன்னோட சிபாப் மெஷின்களை திரும்பப் பெற்றப்போ, உள்ள இருக்குற ஃபோம் சிதையறதை ஓசோன் இன்னும் வேகமாக்கலாம்னு அவங்களே சொன்னாங்க. சோப்புத் தண்ணி போதும்.

கேள்வி: அப்பாவுக்கு டிரக்கியாஸ்டமி (கழுத்துல துளை போட்டு மூச்சுக் குழாய் வெச்சிருக்கு), வீட்லயே வென்டிலேட்டர். டியூப்ல தண்ணி தேங்குது, திரும்ப ஹியூமிடிஃபையருக்குள்ளயே (காத்தை ஈரமாக்குற பகுதி) விட்டுடறோம்

பதில்: இன்னிக்கே நிறுத்துங்க. அது ஈரக் காத்து டியூப்ல குளிர்ந்து தேங்கின தண்ணி, அவர் மூச்சும் சளியும் பட்டு கிருமியோட இருக்கலாம். அவர் பக்கமும் சாய்க்காதீங்க, வாட்டர் டிராப்ல (டியூப்ல தேங்குற தண்ணியைப் பிடிக்கிற கிண்ணம்) இறக்கி வெளிய கொட்டுங்க. மூக்கு வடிகட்டுற வேலை அவருக்கு இல்லாம போச்சு இல்லையா, அதனால சளி நிறம் மாறினாலோ நாத்தம் வந்தாலோ காய்ச்சலுக்காக காத்திருக்காம டாக்டருக்கு போன் போடுங்க.