காமி இடிபாடுகளைப் பார்க்க முகவர் எதற்கு?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கிறோம். ஆகஸ்டில் விக்டோரியா அருவிக்குப் போய்விட்டு, ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் இரண்டு நாள் தங்குகிறோம். கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல்நகரம் தூரம் என்பதால் பக்கத்திலுள்ள காமி, முடிந்தால் நலெடாலே இடிபாடுகளைப் பார்க்க ஆசை. முகவர் ஒருவர், “இவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும், வழிகாட்டி கட்டாயம், தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று பெரும் தொகை கேட்கிறார். உண்மையா? 68 வயது மாமியாரும் வருகிறார். இவையெல்லாம் தமிழர் கட்டிய சிவன் கோயில்கள் என்று உறவினர் ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். அதுவும் உண்மையா?

பதில்: முகவருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். காமிக்குச் சிறப்பு அனுமதி எதுவும் கிடையாது. புலவாயோவிலிருந்து மேற்கே 22 கிலோமீட்டர். வாயிலில் நுழைவுக் கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். வழிகாட்டி வேண்டுமென்றால் அங்கேயே கேளுங்கள். வேண்டாமென்றால் நீங்களே நடந்து பார்க்கலாம். அருவியையும் சிங்கத்தையும் விற்றுப் பழகியவர்களுக்கு இந்தக் கல்சுவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாத இடத்துக்கு அனுமதி, ஆபத்து என்று பயம் காட்டினால் விலை ஏறும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இதில் காமியைப் பராமரிக்கும் அரசுத் துறையின் பங்கும் உண்டு என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1986-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. வெளிநாட்டவரிடம் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால் திருப்பத்தில் ஒழுங்கான பெயர்ப்பலகை இருக்காது, மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. எத்தனை முறை எழுதியிருப்பேன்! அலுவலகம் வாய் திறக்காத இடத்தில்தான் தரகர் வாய் திறக்கிறார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க டாலரைச் சிறிய நோட்டுகளாக, கிழிசல் இல்லாமல் கொண்டுபோங்கள். சில்லறை கிடைப்பது கடினம். கட்டணத்தை வாயில் அலுவலகத்தில் மட்டுமே செலுத்துங்கள். ஒரு முறை வேறொரு சிறிய இடத்தில், காவலர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் முத்திரையில்லாத ரசீதுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். அரசு முத்திரை எங்கே என்று கேட்டதும் புத்தகத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். நீங்களும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வழிகாட்டி கட்டாயம் என்பது எங்கே உண்மை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தரகர்கள் அந்த ஒரு விதியை எல்லா இடத்துக்கும் நீட்டுகிறார்கள். நீங்கள் தென்னாப்பிரிக்காவில் வசிப்பதால் ஒரு நாள் அங்குள்ள துலாமேலா, மாபுங்குப்வே என்ற பழங்கால ஊர்களின் இடிபாடுகளுக்கும் போவீர்கள். துலாமேலா, குரூகர் தேசியப் பூங்காவின் வடகோடியில், பாஃபூரி பக்கம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. சுற்றிலும் யானை, எருமை, சிங்கம் நடமாடும் காடு. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்குவதற்கே அனுமதி இல்லாத பூங்கா அது. ஆகவே துப்பாக்கி ஏந்திய பூங்கா ஊழியர் உடன் வந்தால்தான் குன்றேற முடியும். மாபுங்குப்வேயிலும் குன்றின் மேல் போக வழிகாட்டி வேண்டும். ஆனால் அதே பூங்காவில் உள்ள விளக்கக் கூடத்தை நீங்களாகவே பார்க்கலாம். குன்றுக்கு மட்டும்தான் அந்த விதி. இரண்டு இடத்திலும் அந்த வழிகாட்டி பூங்காவின் சொந்த ஊழியர். அவரைப் பூங்கா வரவேற்பகத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வெளியாள் ஒருவர் “வழிகாட்டியைச் சேர்த்துத்தான் இந்த விலை” என்றால், பூங்காவுக்குப் போக வேண்டிய தொகையின் மேல் தன் பங்கை ஏற்றியிருக்கிறார் என்று பொருள். காமியில் சிங்கமும் இல்லை, அந்த விதியும் இல்லை.

நலெடாலே பற்றி: போகலாம், ஆனால் அதே நாளில் வேண்டாம். புலவாயோ–குவேரு நெடுஞ்சாலையில் ஷங்கானி வரை தார்ச்சாலை. அதன்பின் நெடுந்தூரம் மண்பாதை. தாழ்வான காரில் போனால் அடிப்பாகம் தட்டும். மாமியாருக்கு அந்தக் குலுக்கல் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். போக முடிந்தால், மீன்முள், அம்புமுனை, சதுரங்கக் கட்டம், கயிறு, இடையிடையே கறுப்பு நிறக் கல் பட்டை என்று அந்த நாட்டுக் கல்கொத்தர்களின் ஐந்து அலங்காரங்களையும் ஒரே சுவரில் பார்க்கலாம்.

காமிக்கு மாலை வெயிலில் போங்கள். டோர்வா அரசர்களின் தலைநகரம் இது. ஏறத்தாழ 1450 முதல் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாழ்ந்த ஊர். கிரேட் ஜிம்பாப்வே மாதிரி வானத்தை நோக்கி நிற்கும் மதில்களை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே சுவர்கள் மண்மேடுகளைத் தாங்கி நிற்கின்றன. அந்த மேடைகளின் மேல்தான் மண்வீடுகள் இருந்தன. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லின் மேல் கல். ஒரு கல்லை வைத்து, அடுத்ததற்கு இடம் விட்டு, மறுபடி ஒன்று என்று அடுக்கியதில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் விழுகிறது. வெயில் சாயும்போது அந்தக் குழிகளுக்குள் நிழல் ஏறுவதைப் பாருங்கள். உச்சிவெயிலில் போனால் சுவர் தட்டையாகத் தெரியும்.

குன்றுப் பகுதியில், பாறைத்தரையில் கற்களைப் பரப்பிய சிலுவை ஒன்று இருக்கும். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஒருவர் அமைத்ததாக வழக்கு. வருகிறவர்கள் அதில் நாணயம் போடுகிறார்கள். நீங்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். சுவர் மேல் ஏறிப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. சாந்தில்லாத சுவரில் ஒரு கல் நழுவினால், பின்னாலிருக்கும் மண்ணே அடுத்த மழையில் சுவரை வெளியே தள்ளும்.

வழியில் யாராவது “பழைய பாசிமணி, பழைய பானை ஓடு” என்று நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அவற்றை நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். விற்றவர் நழுவிவிடுவார், விமான நிலையத்தில் நிற்பது நீங்கள். எனக்கு இந்த வியாபாரத்தின் மேல் இருக்கும் கோபத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1895-இல் ஒரு நிறுவனம், இந்த நாட்டின் இடிபாடுகளில் தங்கம் தோண்டுவதற்கென்றே உரிமம் வாங்கிக்கொண்டு தொடங்கியது. புதைகுழிகளைக் கிளறி எடுத்த நகைகளை உருக்கி விற்றார்கள். எந்த மண்ணடுக்கில் எது கிடந்தது என்ற கணக்கு அத்தோடு போயிற்று. இன்று ஓடு விற்கிறவரும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறார்.

சிவன் கோயில் செய்தியை அழித்துவிடுங்கள். 1905-இல் ராண்டல் மக்கைவர், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, இவை ஆப்பிரிக்கர்களே கட்டியவை என்று நிறுவிவிட்டார்கள். ஃபினீசியர் கட்டினார்கள், ஷேபா அரசி கட்டினாள் என்று வெள்ளையர் பரப்பிய கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கட்டியவர்களான ஷோனா மக்களின் முன்னோரிடமிருந்து சுவரைப் பிடுங்குவதுதான் இரண்டும். இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் மெய்யானதே இருக்கிறது. மாபுங்குப்வேயிலும் கிரேட் ஜிம்பாப்வேயிலும் இந்தியக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகத் தங்கத்துக்கும் தந்தத்துக்கும் மாற்றாக வந்தவை. மணி போய்ச் சேர்ந்தது உண்மை. அதற்கு மேல் உரிமை கொண்டாட நமக்கு எதுவும் இல்லை.

குடிநீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும், அங்கே கடை இல்லை. மாமியார் கீழ்மேடைகள் வரை வந்தால் போதும். குன்றேறும் பாதையில் கற்கள் கரடுமுரடானவை. காமியில் பாறையிலேயே வரிசை வரிசையாகக் குழி செதுக்கிய ட்சோரோ ஆட்டப் பலகை இருக்கிறது. நம் பல்லாங்குழியின் உறவு, ஆனால் நான்கு வரிசை. எங்கே என்று வாயிலில் கேட்டால் காட்டுவார்கள். அதை மட்டும் அவருக்கு மறக்காமல் காட்டிவிடுங்கள்.