தட்டில் மூன்று மஞ்சள் புள்ளி

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக மஞ்சள் கிழங்கிலிருந்து அதற்கு நிறம் தருகிற குர்குமினைப் பிரித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் சிவக்கிறது, எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி சோதனையில் 425 நானோமீட்டர் வந்தது. ஆனால் கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் மூன்று மஞ்சள் புள்ளிகள், உருகுநிலையும் 168-இல் தொடங்கி 175 டிகிரி வரை இழுக்கிறது. குர்குமின் கிடைத்தது என்று எழுதிவிடலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்கு எழுதாதே தங்கச்சி. அதற்காக நீ எதையும் கெடுத்துவிட்டாய் என்று பயப்படவும் வேண்டாம், அந்த மூன்றும் மஞ்சளிலேயே இருப்பவைதான்: குர்குமின், டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின். கடையில் குர்குமின் என்று விற்கிற பொடியிலும் பெரும்பாலும் மூன்றும் கலந்தே இருக்கும்.

சிவப்பை நம்பி முடிவு கட்டாதே. நம்ம வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதில் மூன்றுக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் காரம் பட்டதும் புரோட்டானை விடுகிற பீனால் தொகுதி மூன்றிலும் இருக்கிறது. யுவி-யும் அப்படித்தான், மூன்றுக்கும் 420-ஐ ஒட்டியே வரும்.

அப்புறம் என்ன, மூன்றையும் பிரிக்க 'காலம்' (column) குரோமட்டோகிராபி போடு, அதாவது சிலிகாத் தூள் நிரப்பிய குழாயில் கரைப்பானோடு ஓட்டு. குளோரோபார்மில் கொஞ்சம் மெத்தனால் சேர்த்து ஓட்டினால் குர்குமின்தான் முதலில் இறங்கும், அதன் மெத்தாக்சி (OCH₃ தொகுதி) பக்கத்து ஹைட்ராக்சிலை (OH) ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்திருப்பதால் சிலிகாவின் பிடி அதன்மேல் குறைவு. சின்னச் சின்னக் குழாய்களில் பிடித்து ஒவ்வொன்றையும் தட்டில் பார், ஒற்றைப் புள்ளி வருவதை மட்டும் ஒன்றாகச் சேர். வெளிச்சத்தில் சிதையும், அதனால் அலுமினியத் தாளில் சுற்றி வை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் சோதனையில் 368, 338, 308 என்று முப்பது முப்பதாக இறங்கும், ஒரு மெத்தாக்சி போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்தால் குறைகிற எடை சரியாக அவ்வளவுதான். ஹைட்ரஜன்கள் எந்தச் சூழலில் எத்தனை என்று காட்டும் புரோட்டான் என்எம்ஆரில், மெத்தாக்சிக்கு உரிய 3.9 பிபிஎம் பக்கம் பார்த்தால் குர்குமினுக்கு ஆறு ஹைட்ரஜன், அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு அந்தச் சிகரமே இருக்காது. மாஸும் என்எம்ஆரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னால் தைரியமாகப் பெயர் எழுது. சாம்பிளை வெளியே அனுப்புவதாக இருந்தால் 10 மில்லிகிராம் தாராளம், ஆனால் வேக்குவத்தில் நன்றாக உலர்த்தி அனுப்பு, ஒட்டியிருக்கும் கரைப்பான் என்எம்ஆரிலும் தெரியும், உருகுநிலையையும் கீழே இழுக்கும். தூய குர்குமின் 183 டிகிரியை ஒட்டி, ஓரிரு டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும்.

1815-இல் பிரித்தெடுத்த இந்தப் பொருளுக்கு அமைப்பு தெரியவந்தது 1910-இல். நீ ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அதற்கும் நேரமில்லை என்றால் தலைப்பில் 'குர்குமினாய்டு கலவை' (இந்த மூன்றும் சேர்ந்தது) என்று போட்டு, டிஎல்சி தட்டின் படத்தையும் சேர்த்துவிடு.